மஞ்சளோடு ஐந்து பங்கு சிவப்பு

ராஜாமணி அண்ணாச்சியைத் தவசிக்கனி கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், எண்ணெய் வியாபாரிகள் சங்கத்தின் வாசலில். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலித் தூக்குவாளியை ஆட்டியபடி அண்ணாச்சி படியிறங்கிப் போனார். எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்து நின்றார்கள், சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி உருட்டிக்கொண்டு போனான். இத்தனையையும் கவனிக்காதவர் போல அண்ணாச்சி திரும்பி, "தம்பி, நாளைக்கும் நீங்க முதல்ல பாத்திருங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றார். முப்பத்தோரு வருஷமாகத் தினமும் சொல்லிவந்த அதே வார்த்தைதான். தவசிக்கனி சரியென்று தலையாட்டினார். தலையாட்டும்போதே, இந்த மனிதருக்கு ஒரு கண்வலியாவது வரக்கூடாதா, ஒரு வாரமாவது கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடக்கக்கூடாதா என்று மனசுக்குள் நினைத்தார். கண்வலி வரவில்லை. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கால் கழுவக் குனிந்த ராஜாமணி நிமிரவே இல்லை.

மஞ்சநாயக்கன்பேட்டையில் அந்தக் காலத்தில் நாற்பத்தேழு எண்ணெய் மில்கள் ஓடின. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள் எள் வறுபடும் வாசம் மூக்கில் ஏறியதும் கண்ணைத் திறக்காமலே இறங்கிவிடுவார்கள், இறங்கியது சரியான ஊராகத்தான் இருக்கும். அங்கே ஆட்டிய எண்ணெய் ஒரு டின்கூடச் சங்கத்தின் சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாது. சீட்டில் வாசத்தை எழுதமாட்டார்கள், ருசியை எழுதமாட்டார்கள், நிறத்தைத்தான் எழுதுவார்கள், அதுவும் எண்ணாக. நாக்கு ஆளுக்கு ஆள் மாறும், மூக்கு ஜலதோஷத்தில் பொய் சொல்லும், நிறம் மட்டும்தான் எண்ணெய் பட்ட பாட்டையெல்லாம் மறைக்காமல் வைத்திருக்கும்: எள் பழசா, வறுத்தவன் அசந்து தூங்கிவிட்டானா, நடுவில் வேறெதையும் கலந்தார்களா, எல்லாம் அதில் இருக்கும்.

நிறம் பார்க்கச் சங்கத்தின் பின்னறையில் கறுப்பு வர்ணம் அடித்த ஒரு கருவி இருந்தது. டின்டோமீட்டர் என்று காகிதங்களில் எழுதினார்கள், ஊர் அதைப் பெட்டி என்று சொன்னது. உள்ளே ஒரு பல்பு, பல்புக்கு முன்னால் எண்ணெய் ஊற்றிய சின்னக் கண்ணாடித் தொட்டி. குழாயில் கண்ணை வைத்தால் நடுவே கோடு கிழித்த ஒரு வட்டம் தெரியும். இடது பாதியில் எண்ணெயின் நிறம், வலது பாதி வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடிகளையும் சிவப்புக் கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், வலது பாதி இடது பாதியைப் போலவே ஆகி, நடுக்கோடு கரைந்து, இரண்டு பாதியும் ஒரே முழு நிலாவாகிற வரைக்கும். கண்ணாடிகள் நாலு பித்தளைச் சட்டங்களில், ஒவ்வொரு நிறத்துக்கும் முழு எண்ணுக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று, வரிசையாகப் பொருத்தியிருந்தன. சட்டம் ஒரு கண்ணாடி நகர்ந்தால் ஒரு முறை டக்கென்று சொல்லும். கோடு மறைந்ததும் மஞ்சள் எண்ணோடு சிவப்பு எண்ணை ஐந்தால் பெருக்கிக் கூட்டுவார்கள். மஞ்சள் என்பது எண்ணெயின் பிறவிக் குணம், சிவப்பு அதன் குற்றம், அதனால் குற்றத்துக்கு ஐந்து பங்கு என்று ஊரில் விளக்கம் சொன்னார்கள். கூட்டி வந்தது பத்துக்குள் இருந்தால் முதல் தரம், இருபதுக்குள் இரண்டாம் தரம், அதற்கு மேலே போனால் சோப்புக் கம்பெனிக்கு. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள்கூட, "மாமியார் கொஞ்சம் சிவப்பு" என்றால் அது தோலைப் பற்றிய பேச்சு இல்லை.

ஒரு கண்ணை நம்பக்கூடாது என்பதால் ஒவ்வொரு எண்ணெயையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி. ஒருவர் பார்க்கும்போது மற்றவர் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். முதலில் பார்த்தவர் எண்ணைச் சீட்டில் எழுதித் தகரப்பெட்டியில் போட்டுவிட்டு, சட்டங்களையெல்லாம் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போக வேண்டும், அப்புறம்தான் இரண்டாமவர் வர வேண்டும். மூத்தவர் ராஜாமணிதான், முதலில் பார்க்கிற உரிமை அவருக்குத்தான். அவர் ஒருநாளும் அந்த உரிமையை எடுத்துக்கொண்டதில்லை. "தம்பி, நீங்க பாருங்க" என்று தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார், இவ்வளவு பெரிய மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஊர் சொல்லும்.

தவசிக்கனி ஒரு எண்ணெய்க்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்வார், சில எண்ணெய்க்கு ஆறு நிமிஷம். ஒரு கண்ணாடியைத் தள்ளுவார், யோசிப்பார், திரும்ப இழுப்பார், கண்ணை எடுத்து எதிர்ச்சுவரைப் பார்த்து இளைப்பாறுவார், மறுபடியும் குனிவார். அவர் முடித்துவிட்டு வந்த பிறகு ராஜாமணி போய் உட்கார்ந்து, குழாயில் கண்ணை வைத்து, சடசடவென்று நாலு சட்டத்தையும் தள்ளி எழுந்துவிடுவார். ஐந்து விநாடி. சீட்டுகளைப் பிரித்தால் தவசிக்கனி ஒன்று புள்ளி நாலு எழுதிய இடத்தில் ராஜாமணி ஒன்று புள்ளி மூன்று எழுதியிருப்பார். "பாவம், தவசியும் நல்ல கண்ணுதான், ஒரு புள்ளி தவறிப்போகுது" என்பார்கள் வியாபாரிகள். முப்பத்தோரு வருஷம் அந்த ஒரு புள்ளி தவசிக்கனியின் நெஞ்சுக்குள் மிளகாய் வற்றலைப் போட்டு வறுத்ததுபோலக் கமறிக்கொண்டே இருந்தது.

அந்தக் கமறல் வேலையோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். வீட்டிலும் வந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் அவருடைய மனைவி தங்கப்பழம், தனக்குக் கிளிப்பச்சையில் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, புருஷன் பக்கத்திலேயே நிற்க, தற்செயலாகக் கடைக்கு வந்த ராஜாமணியிடம், "அண்ணாச்சி, ஒங்க கண்ணால ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று கேட்டுவிட்டாள். அவர் அடுக்கில் கைவிட்டுச் சட்டென்று உருவியது செங்கல் சிவப்பு. பிறகு கடைக்காரர், பச்சை கேட்ட பெண்ணுக்கு எது பொருந்தும் என்று அண்ணாச்சிக்குத்தானே தெரியும் என்றார், எல்லோருக்கும் அது உண்மையாகப் பட்டது, தங்கப்பழம் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் நல்லநாள் பொல்லாநாளுக்கெல்லாம் அதைத்தான் கட்டினாள். அவள் இறந்தபோது பிறந்தவீட்டுக் கோடித்துணிக்கு அடியில் உடம்போடு இருந்ததும் அதுதான். இன்னொருத்தன் கண் தேர்ந்த நிறத்தோடு பெண்டாட்டியை எரித்துவிட்டு வந்தவர் தவசிக்கனி.

ராஜாமணிக்குச் சாம்பல் கரைத்த மறுநாள் சங்கம் திறந்தது. புது ஆள் இன்னும் போடவில்லை. இருந்தாலும் பழக்கத்தில் தவசிக்கனி முதல் எண்ணெயைப் பார்த்து, எண்ணை எழுதிப் போட்டு, சட்டங்களைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார். நின்றதும் சடசடவென்று நாலு சட்டமும் நகர்ந்தன. ஐந்து விநாடி. சங்கத்து எழுத்தர் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் யாரும் இல்லை. சட்டங்கள் மஞ்சள் ஆறிலும் சிவப்பு ஒன்று புள்ளி இரண்டிலும் நின்றன. தவசிக்கனியின் சீட்டில் ஒன்று புள்ளி மூன்று இருந்தது. "சொன்ன சொல் தவறாம வந்துட்டாக" என்று சொல்லிவிட்டு எழுத்தர் அதைப் பதிந்துகொண்டு, டீக்கு ஆள் அனுப்பும்போது மூன்று டீ என்றார்.

சங்கம் கூடிப் பேசியது. இறந்தவர் பணியில் தொடரலாமா என்று யாரும் கேட்கவில்லை, கையெழுத்துக்கு என்ன செய்வது என்பதுதான் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கடைசியில் ரப்பர் ஸ்டாம்ப் செய்வது என்றும், ஞாயிற்றுக்கிழமையோடு அமாவாசையும் அவருக்கு விடுமுறை என்றும், இரண்டு எண்ணும் மாறுபட்டால் இனி சராசரி போட வேண்டாம், அண்ணாச்சியின் எண்ணே நிற்கட்டும் என்றும் முடிவானது. பதினாறாம் நாள் காரியத்தன்று பெட்டி அசையவில்லை. சொந்தக் காரியத்துக்கு லீவு எடுக்காமல் எப்படி என்று ஊர் ஏற்றுக்கொண்டது.

கொஞ்ச நாளில் எண்ணெயோடு மற்றதும் வர ஆரம்பித்தன. பக்கத்து ஊர் நெய் வியாபாரி நெய்யைக் கொண்டுவந்தார், மலையிலிருந்து தேன் வந்தது, கண் மஞ்சளித்த குழந்தையின் மூத்திரத்தை மருந்துப் புட்டியில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வந்து, எண் குறைந்துவருகிறதா என்று ஒன்பது நாள் வரிசையில் நின்றாள், பத்தாம் நாள் வெறும் வாழைப்பழச் சீப்போடு வந்தாள். குடிப்பவன் ஒருத்தன் இப்போது குடிப்பதில்லை என்று நிரூபிக்கத் தான் குடித்த டீயின் மிச்சத்தைக் கொண்டுவந்தான், அது எப்படி நிரூபிக்கும் என்று யாருக்கும் விளங்கவில்லை என்றாலும் எண் கொடுத்து அனுப்பினார்கள், அவன் பெண்டாட்டி அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். வரிசை டீக்கடை வரை நீண்டது.

ஆனால் விதி விதிதான். அண்ணாச்சி இரண்டாவதாகத்தான் பார்ப்பார். அதனால் நெய்யையும் தேனையும் மூத்திரத்தையும் டீயையும் முதலில் தவசிக்கனி பார்க்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம், ஆறு நிமிஷம். வரிசையில் நிற்பவர்கள் அவர் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், எப்போது முடிப்பார், எப்போது அண்ணாச்சி வருவார் என்று. தீபாராதனைக்கு முன்னால் மணி ஆட்டுகிறவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள். அவர் சீட்டில் எழுதிய எண்ணை யாரும் கேட்டுக்கூட வாங்கவில்லை. செத்தும் இந்த மனிதன் எனக்கு இடம் விடவில்லையே என்று தவசிக்கனி வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மறந்துபோவார். சுடுகாட்டில் கண்ணும் சேர்ந்துதானே எரிந்தது, எதைக் கொண்டு பார்க்கிறான் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியபின் அது அவரை விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுத்தர் சாப்பிடப் போன நேரத்தில் தவசிக்கனி தொட்டியைக் கழுவி அதில் வெறும் தண்ணீரை ஊற்றினார். தண்ணீருக்கு எண் எல்லாம் பூஜ்யம். அவர் குழாயில் கண்ணை வைக்காமலே சட்டங்களைத் தள்ளினார், மஞ்சள் இருபத்தேழு, சிவப்பு ஆறு புள்ளி மூன்று. இழுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனார். சடசடவென்று சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் மஞ்சள் இருபத்தேழு, சிவப்பு ஆறு புள்ளி இரண்டு.

அப்படியே மறுபடியும் செய்தார். மஞ்சள் மூன்று, சிவப்பு பதினொன்று என்று தள்ளினார். மூன்று, பதினொன்று புள்ளி ஒன்று என்று வந்தது. எதையும் தள்ளாமல் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்தார். சட்டங்கள் அசையவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. தவசிக்கனி நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்து விநாடி ஏன் ஐந்து விநாடியாக இருந்தது என்று அவருக்கு இப்போது விளங்கியது. ஏன் எப்போதும் பின்னால் வந்தார் என்று விளங்கியது. பலகைக்குப் பின்னால் நின்ற அந்த மூன்று நிமிஷமும் ஆறு நிமிஷமும் ராஜாமணி சும்மா நிற்கவில்லை, எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நேரே ராஜாமணியின் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஞானவடிவு முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தவசிக்கனி உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கண்டுபிடித்ததையெல்லாம் கொட்டினார். அவள் கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள்.

பிறந்ததிலிருந்தே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்று அவள் சொன்னாள். தட்டில் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் கிடந்தால் மோந்து பார்த்துத்தான் எடுப்பார். இரண்டு தங்கச்சிகளைக் கரையேற்ற வேண்டியிருந்த நேரத்தில் சங்கத்தில் வேலை காலி என்று வந்தது, கண் பரிசோதனைப் புத்தகத்தை யாரிடமோ வாங்கி எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனார். வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சட்டத்துக்கு ஒரு குரல் என்று கண்டுகொண்டார், தள்ளினால் ஒரு சத்தம், திரும்ப இழுத்தால் வேறு சத்தம். வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார், இவள் பித்தளைச் சொம்பில் புளியங்கொட்டையைப் போட வேண்டும், போட்டதையும் எடுத்ததையும் அவர் கழித்துச் சொல்ல வேண்டும். கல்யாணமான முதல் ரெண்டு வருஷம் எங்களுக்கு வேற பேச்சே கிடையாது என்று சொல்லி அவள் சிரித்தாள். ஒரு புள்ளி கூட்டியோ குறைத்தோ போட்டது, ஒன்றுபோல இருந்தால் சந்தேகம் வரும் என்று.

"அப்ப அந்தச் சேலை" என்றார் தவசிக்கனி.

"பச்சைன்னு நெனைச்சுத்தான் எடுத்தாக. வீட்டுக்கு வந்து, தவசி சம்சாரத்துக்குக் கிளிப்பச்சையில அருமையா ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்னாக. மறுநா நான் கோயில்ல அத அவ கட்டியிருந்ததைப் பாத்தேன். அவுககிட்டச் சொல்லவே இல்ல."

தவசிக்கனி அப்போதுதான் உட்கார்ந்தார். ஞானவடிவு இன்னொரு புளியம்பழத்தை உடைத்தாள்.

"ஒங்க மேல அவுகளுக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? சோத்துல கைவைச்சா ஒங்க பேச்சுதான். இன்னைக்கு ஒரு எண்ணெயைத் தவசி ஆறு நிமிசம் பாத்தாப்ல வடிவு, அந்த ஆறு நிமிசமும் அவருக்கு அங்க என்னமோ தெரியுது, என்னன்னுதான் எனக்குத் தெரியலம்பாக. கேக்கவும் முடியாது பாருங்க. இந்த ஊரெல்லாம் எந்திரிச்சு நிக்கும், அவுக தரையைப் பாத்துக்கிட்டே வருவாக."

இதை ஊரில் சொல்லப்போவதாகத் தவசிக்கனி சொன்னார். சொல்லுங்க, நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன் என்றாள் அவள். அந்தச் சம்மதமே அவருக்கு எரிச்சலாக இருந்தது. தன்னைப் பார்த்து ஒருவன் முப்பத்தோரு வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறான், அந்தச் சந்தோஷத்தைக்கூட அவன் உயிரோடு இருக்கும்போது கொடுக்காமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டான் என்று, வீடு திரும்பும் வழியெல்லாம் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டார்.

சங்கத் தலைவர் காசிராஜன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தவசி, மனுசன் போயாச்சு. இன்னுமா?" என்றார். காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காப்பியின் சூடு ஆறுவதற்குள் தவசிக்கனி முடிவு செய்துவிட்டார், வாயால் சொன்னால் நம்பாதவர்களுக்குக் கண்ணால் காட்டுவது என்று. மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய், நாலு சட்டத்தின் பள்ளங்களிலும் எள்ளெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தள்ளிப் பார்த்தார். பூனை நடப்பதுபோல நகர்ந்தன. ஒரு சத்தம் இல்லை.

அன்றைக்கு முதல் எண்ணெயாக வந்தது சீனியம்மாளுடையது. சீனியம்மாள் கீழத்தெருவில் ஒற்றை மில் வைத்திருந்தவள், புருஷன் எங்கேயோ போய் வருஷம் ஆறாகியிருந்தது. அந்தப் பருவத்தில் வாங்கிய எள்ளையெல்லாம் தானே புடைத்து, தானே வறுத்து, நாற்பது டின் ஆட்டியிருந்தாள். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதில் கலப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். அவள் விடவில்லை, அண்ணாச்சி சொல்லட்டும், அவர் கலப்பு என்றால் நான் மில்லைப் பூட்டிச் சாவியைச் சங்கத்திலேயே வைத்துவிடுகிறேன் என்று தெருவில் நின்று சொல்லியிருந்தாள். அதனால் அறை கொள்ளாமல் கூட்டம், வியாபாரியும் வந்திருந்தார், காசிராஜன் முன்னால் நின்றார்.

தவசிக்கனி குனிந்து பார்த்தார். பார்த்தவர் கொஞ்ச நேரம் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துபோனார். அந்த வருஷத்தில் அவ்வளவு சுத்தமான எண்ணெயை அவர் பார்த்திருக்கவில்லை. விடியற்காலை வெயில் பனங்காட்டுக்குள் விழுகிறமாதிரி இருந்தது. மஞ்சள் ஐந்தில், சிவப்பு பூஜ்யம் புள்ளி எட்டில், கோடு தானாகவே கரைந்துபோயிற்று. ஐந்தும் நாலும் ஒன்பது. முதல் தரம். எழுதிப் போட்டார், சட்டங்களைப் பூஜ்யத்துக்கு இழுத்தார், தடுப்புக்குப் பின்னால் போனார்.

ஒன்றும் அசையவில்லை. ஐந்து விநாடி போயிற்று, பத்து போயிற்று, அறையில் ஒருவர் இருமத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு சட்டம் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, பின்னால் வந்தது, இருட்டில் சுவரைத் தடவுகிற கை மாதிரி. தவசிக்கனி பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தார். சட்டங்கள் மஞ்சள் மூன்றிலும் சிவப்பு ஐந்து புள்ளி இரண்டிலும் போய் நின்றன. எழுத்தர் கூட்டினார், இருபத்தொன்பது.

இப்போது ஊருக்கு விளங்கிவிடும் என்று தவசிக்கனி வெளியே வந்தார். ஆனால் ஊருக்கு விளங்கியது வேறு. வெளியூர் வியாபாரி பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாச்சியே யோசித்து யோசித்துச் சொல்கிறார் என்றால் எவ்வளவு நுட்பமான கலப்பாக இருக்க வேண்டும் என்று காசிராஜன் சொன்னார். தொட்டியிலிருந்த எண்ணெய் எல்லோர் கண் முன்னாலும் பொன்னாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அது சிவப்பு என்று நம்பினார்கள், சிலர் ஆமாம் அடியில் சிவப்பு தெரிகிறது என்றும் சொன்னார்கள். தவசிக்கனி சட்டத்தின் சத்தத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எண்ணெய் விட்டதைப் பற்றியும் உரக்கச் சொன்னார். பின்னால் யாரோ, "உசுரோட இருக்கையிலயும் தோத்தாரு, செத்தவன்கிட்டயும் தோக்காரு" என்றான். அறை சிரித்தது.

சிரிக்காதவள் சீனியம்மாள் மட்டும்தான். இடுப்பில் செருகியிருந்த மில் சாவியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். தவசிக்கனியின் பக்கத்தில் வந்து, மெதுவாக, "நீங்க பாத்தீகளே, எம்புட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள். அவருடைய எண்ணை ஒருத்தி வாயால் கேட்டது அந்த முப்பத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஒம்பது" என்றார்.

அவள் தலையாட்டினாள். "அப்ப அவரையும் ஒம்பதுன்னு சொல்லச் சொல்லுங்க."

தவசிக்கனி அவளைப் பார்த்தார். அவரை நம்பினாளா, ராஜாமணியை நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது முக்கியமாகவும் இல்லை, நாற்பது டின் எண்ணெய் ஊரைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். மறுபார்வை என்று ஒரு விதி உண்டு, எண்கள் மிகவும் மாறுபட்டால் அரைமணி நேரம் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து இருவரும் மறுபடி பார்க்கலாம். அதைக் கேட்டார். செத்தவர் கண்ணுக்கும் ஓய்வு வேண்டுமே என்று காசிராஜன் சம்மதித்தார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

அரைமணி நேரமும் தவசிக்கனி தொட்டி கழுவுகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, நாலு சட்டத்தையும் பள்ளம் பள்ளமாகத் துடைத்தார். எண்ணெய் விடுவதற்கு எடுத்ததைப் போல ஐந்து மடங்கு நேரம் ஆயிற்று. இப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டால் என்ன என்று ஒருதரம் நினைத்தார், இன்னும் ரெண்டு மூன்று எண்ணெய் இப்படிப் போனால் ஊரே ராஜாமணியைக் கைவிட்டுவிடும், அப்புறம் தன் கண்தான் மிஞ்சும். வாசலில் சீனியம்மாள் டீ குடிக்கப் போகாமல் நின்றிருந்தாள். பஞ்சை மறுபடியும் நனைத்தார்.

கூட்டம் திரும்பியது. தவசிக்கனி குழாயில் கண்ணை வைத்தார். இந்தத் தடவை தேடவில்லை, தள்ளி இழுத்துப் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டத்தை ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு விட்டு, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல ஐந்து முறை தள்ளினார். சிவப்பின் புள்ளிச் சட்டத்தை எட்டு முறை. ஒவ்வொரு டக்கும் அறையின் கடைசிச் சுவர் வரை கேட்டது, ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்ணை எழுதிப் போட்டு, பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

சடசடவென்று சத்தம் வந்தது. ஐந்து விநாடி. மஞ்சள் ஐந்து, சிவப்பு பூஜ்யம் புள்ளி ஏழு. எழுத்தர் கூட்டினார், எட்டரை.

அறை ஓவென்று எழுந்தது. தான் தவறிச் சொன்னதைத் தானே திருத்துகிற பெருந்தன்மை உயிரோடிருக்கிற எவனுக்கு உண்டு என்று காசிராஜன் கண் கலங்கினார், தவசிக்கனியின் தோளில் கையைப் போட்டு, இதையாவது அண்ணாச்சியிடம் கற்றுக்கொள் என்றார். வெளியூர் வியாபாரி நாற்பது டின்னையும் அங்கேயே பேசி முடித்தார். சீனியம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய்ச் சூடம் வாங்கிவந்து பெட்டிக்கு முன்னால் ஏற்றினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தவசிக்கனி தகரப்பெட்டியைத் திறந்து, ஒன்பது என்று தான் எழுதிப் போட்ட இரண்டு சீட்டுகளையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சூடத்தின் புகை அவர் பக்கமாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர் பார்த்தார், ராஜாமணி பின்னால் பார்த்தார். பொறாமை போய்விட்டது என்று சொல்ல முடியாது, பெட்டிக்கு மாலை விழும்போதெல்லாம் அது எழுந்து உட்காரும். ஆனால் தவசிக்கனி அதன் பிறகு ஒருநாளும் சட்டத்துக்கு எண்ணெய் விடவில்லை. நல்ல எண்ணெய் ஏதாவது வந்தால் முதலில் தனக்காக ஆறு நிமிஷம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், என்ன தெரிகிறது என்று தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பிப்பார், நடுவில் சோளத்தட்டை நிறம், ஓரத்தில் வெல்லப்பாகு, இன்றைக்குக் கொஞ்சம் பச்சை ஓடுகிறது என்று. வரிசையில் நின்றவர்கள் கிழவனுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். சொல்லி முடித்துவிட்டுத்தான் சட்டங்களைத் தள்ளுவார்.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் பெட்டி அசையவில்லை. புதிதாக வந்த இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். அண்ணாச்சியும் இளைப்பாறிவிட்டார் என்று ஊர் முடிவு செய்து, அவர் படத்தைப் பெரிதாக்கிக் கூட்ட அறையில் மாட்டியது. நாலைந்து வருஷத்தில் எண்ணைத் தானே திரையில் காட்டுகிற கருவி வந்தது, அதற்குக் கண் வேண்டாம். நாற்பத்தேழு மில்களில் இப்போது ஓடுவது பதினொன்று, அதில் ஒன்று சீனியம்மாளின் மருமகன் பெயரில் இருக்கிறது.

நிறம் பார்த்த பின்னறையில் இன்றைக்குச் சங்கம் விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். சிவப்பில் நூற்றிருபது, பச்சையில் எண்பது.